ஒட்டிக்கொண்ட ஜி ஷார்ப்

அஃப்தாபின் சாக்ஸபோனுக்கு ஒரு வியாதி உண்டு. கடல்காற்றில் ஈரம் ஏறிவிட்டால், இடது சுண்டுவிரல் அழுத்துகிற ஜி ஷார்ப் கீயின் மூடி ஒட்டிக்கொள்ளும். விரல் அழுத்தும், மூடி திறக்காது. கேட்ட சுரம் வராமல் அதற்கு முந்தைய ஜியே திரும்ப வந்து நிற்கும். கல்யாண பேண்டுக்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வாத்தியம், வேறெப்படி இருக்கும்?

பிரணவின் சாக்ஸபோனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. புத்தம் புதுசு. திருவான்மியூரில் அவன் வீட்டு மொட்டைமாடியில்தான் இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் இருவரும் ஸ்விங் ஜாஸ் பழகினார்கள். நெட்டையும் குட்டையுமாக நடக்கிற தாளம் அது. மெட்டை ஒரு தரம் வாசித்துவிட்டு, அதன்மேல் அந்த நிமிஷம் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அதுதான் அந்தச் சங்கீதத்தின் உயிரே. அஃப்தாப் ஒருநாள் வாசித்ததை மறுநாள் வாசிக்க மாட்டான், கேட்டால் அவனுக்கே நினைவிருக்காது. பிரணவுக்கோ தோன்றுவதுதான் கஷ்டம். சின்ன வயசிலிருந்து கர்நாடகப் பாட்டு கற்றவன், கேட்டதைச் சுரம் எழுதிவைத்து அட்சரம் பிசகாமல் பாடம் பண்ணியே பழக்கப்பட்டவன். அதனால் வாராவாரம் போனில் ரெக்கார்டிங் போட்டுவைப்பான்.

"கேட்டுண்டே தூங்கினா கொஞ்சமாவது எனக்கும் வராதாடா" என்பான். அஃப்தாப் சிரிப்பான். ஒரு டீயை இரண்டாக்கிக் குடிக்கிற சிநேகிதன், அவனிடம் என்ன ஒளிவுமறைவு?

அடையாறில் நீரஜா என்கிற பியானோ கலைஞர் பத்துப் பேர் கொண்ட ஸ்விங் பேண்ட் ஒன்றைத் தொடங்கினார். சாக்ஸபோனுக்கு ஒரே ஒரு இடம். வாசிக்கச் சொல்லி ஆளெடுக்கிற தேர்வுக்கு இருவருமே பேர் கொடுத்தார்கள். அஃப்தாபின் அப்பா குலாம் ரசூலுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் கார் சீட் கவர் தைக்கிற கடை. "இந்த வருஷத்துக்குள்ள ஒரு பேண்டுல சேந்து காட்டு. இல்லாங்காட்டி வந்து மிஷின்ல குந்து" என்று கறாராகச் சொல்லியிருந்தார். வருஷம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு அஃப்தாப் வாசித்தான் பாருங்கள், அப்படியொரு வாசிப்பு. நடுவில் பாழாய்ப்போன ஜி ஷார்ப் ஒட்டிக்கொண்டது. மூன்று தரம் அழுத்தினான், மூன்று தரமும் ஜி. விடுவானா? வேண்டுமென்றே செய்ததுபோல அந்த மூன்றையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைத்து, வலது கை விரலால் மூடியை 'டக்'கென்று சுண்டிவிட்டான். ஜி ஷார்ப் வீறிட்டுக்கொண்டு வந்தது. அங்கிருந்து எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு மெட்டுக்குத் திரும்பினான். பிரணவ் எழுந்துவந்து கட்டிக்கொண்டான்.

தேர்வு நாளில் நீரஜா சொன்னது ஒன்றுதான்: "மனப்பாடம் வேண்டாம். இப்போ தோணறதை வாசிங்க."

முதலில் பிரணவ். இரண்டாவது வரியிலேயே அஃப்தாப் நாற்காலியில் நிமிர்ந்தான். இது எங்கேயோ கேட்டதாயிற்றே? நாலாவது வரியில் மூன்று ஜி. பிறகு பிரணவின் வலது விரல் போய், ஒருநாளும் ஒட்டாத அந்த மூடியை 'டக்'கென்று சுண்டியது.

"அந்த இடம்! எப்படித் தோணிச்சு?" என்றார் நீரஜா.

"தெரியலை மேடம். அப்படியே வந்தது."

அடுத்து அஃப்தாப். புதுசாக வாசித்துவிட்டால் போயிற்று என்றுதான் எழுந்தான். ஆனால் அவன் விரல் போகிற வழி அவன் வழிதானே? எதைத் தொட்டாலும் சற்றுமுன் கேட்ட வாசனை அடித்தது. தடுமாறித் தடுமாறி முடித்தான்.

நீரஜா அன்பாகத்தான் சொன்னார். "நல்லா வாசிக்கறீங்க. ஆனா பிரணவோட சாயல் ரொம்பத் தெரியுது. உங்களுக்குன்னு ஒரு வழி கண்டுபிடிங்க."

அதைச் சொல்லிவிட்டு இடத்தைப் பிரணவுக்குக் கொடுத்தார். வாயைத் திறந்தால் பொறாமைக்காரன் என்பார்கள். அஃப்தாப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மரத்தடி பிளாட்பாரத்தில் பிரணவ் காத்திருந்தான்.

"இன்னா மச்சி பண்ணி வச்சிக்கீற?"

"எங்காத்துல ஒரு நல்ல சங்கதி கேட்டா எடுத்துண்டு பாடுவாடா. அது ஒரு மரியாதை."

"மரியாதைன்னா என் பேர சொல்லியிருப்ப. அப்டியே வந்துச்சின்னியே?"

பிரணவ் தன் பெட்டியின் கொக்கியை நிமிண்டினான்.

"அந்த ரெக்கார்டிங்க அனுப்பு" என்றான் அஃப்தாப். "பயப்படாத, யாருக்கும் காட்ட மாட்டேன். அன்னிக்கு நான் இன்னா வாசிச்சேன்னு எனக்கே தெரில. ஒருதபா முழுசா கேக்கணும்."

"அழிச்சுட்டேன்டா."

"எப்போ?"

"இன்னிக்குக் காத்தால. இங்க கெளம்பறதுக்கு முன்னாடி."

மரியாதையாம்! எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அஃப்தாபுக்குக் கசந்தன.

பிரணவ் மெதுவாகத் தன் பெட்டியைத் திறந்தான். "வேணும்னா... நான் வாசிச்சுக் காட்டட்டுமா?"

ஓங்கி ஒன்று விடலாமென்று கை எழுந்தது. எழுந்த கை அப்படியே நின்றது. வாழ்நாளில் அவன் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு, அது இப்போது மிச்சமிருப்பது இந்தத் திருட்டுப்பயலின் விரலில் மட்டும்தான். அடித்துவிட்டுப் போனால் அதுவும் போயிற்று. அவன் மேல் வந்த கோபத்தைவிடத் அதை அவனிடமே கேட்க ஏங்குகிற தன்னை நினைத்து வந்த வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"வாசி" என்றான்.

தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். பிரணவ் வாசித்தான். ஒரு சுரம் பிசகவில்லை. மூன்று ஜி வந்து முடிந்ததும் அஃப்தாபின் விரல் தன்னால் எழுந்து மடியிலிருந்த பெட்டியின்மேல் 'டக்'கென்று சுண்டியது, பிரணவ் சுண்டியதற்குச் சற்றுப் பின்னால்.