அறுபத்து மூன்று டிராஃப்ட்

எங்கள் மாடிவீட்டுக்காரருக்குத் தெருவில் ‘டெஸ்டிங்’ என்று பெயர். இணையதளம் கட்டுவது தொழில். ஆபீஸில் அடுத்தவர் தளத்தைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, தான் இணையத்தில் எழுதிவரும் பிளாக்கைப் பிரித்துப் போடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு பிளாக் மென்பொருளுக்குக் குடிபோவார். போன தடவை போனதற்குக் காரணம், பொத்தானின் மூலை போதுமான அளவு வளையவில்லையாம். வாசகர்கள் பத்தொன்பது பேர். அவர்களுக்காக இவ்வளவு சிரத்தை.

அந்தப் பத்தொன்பதில் முக்கியமானவர் அவருடைய மாமனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், “நாள் பூரா பெட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டவர். அன்றிலிருந்து போக்குவரத்து நின்றது. நாலு மாதத்துக்கு முன்புதான் மகளோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். மருமகன் எழுதுவது மெயிலில் வரும். படித்துவிட்டுப் பத்து மணிக்குப் போன் செய்வார். அந்தப் போனுக்காக மகள் ஒன்பதே முக்காலுக்கே அடுப்பை அணைத்துவிடுவாள்.

சனிக்கிழமை காலை மாடியில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சண்டை என்றால் சத்தம் தொடரும். இது தொடராததால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணிக்கிளிப் இரவல் கேட்கிற சாக்கில் ஏறிப் போனேன். கதவு திறந்தே கிடந்தது.

டெஸ்டிங் தரையில் உட்கார்ந்திருந்தார். மனைவி கதையைச் சொன்னாள். எட்டு மணிக்குப் புது மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறார். பழையதில் எழுதி, வெளியிடாமல் வைத்த டிராஃப்ட் அறுபத்து மூன்று இருந்தது. புதியதற்கு டிராஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாதாம். எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டது. முந்நூற்றுப் பதினொன்றாக இருந்த பதிவுகள் முந்நூற்று எழுபத்து நாலாகியிருப்பதை இவர் பார்த்தபோது மணி ஒன்பதரை. பார்த்ததும் அறுபத்து மூன்றையும் தூக்கிவிட்டார். ஆனால் புதிய பதிவுகளை வாசகர்களுக்கு மெயிலில் அனுப்பும் ஏற்பாடு, தினமும் ஒன்பதுக்குத் தானாக ஓடுவது. போன மெயிலை யார் பிடித்து இழுப்பது?

அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டு அசட்டுத்தனம். மீதி ஒன்றுதான் வில்லங்கம். அந்தக் கூடத்துச் சண்டையன்று ஆத்திரத்தில், மென்பொருளில் கோளாறு கண்டால் ஆபீஸில் எழுதிக்கொடுக்கிற பாணியில் எழுதியது. தலைப்பு, ‘என் மாமனார்: ஒரு பிழை அறிக்கை’.

“அப்பா அதப் படிச்சா இந்த ஜென்மத்துல பேச மாட்டாருக்கா,” என்றாள். அவள் அழவில்லை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். எனக்கோ அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சுலபமாக இல்லை.

பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாப்பிள்ளை இருக்காரா? அவர்கிட்டக் குடு.”

அவர் ஒருநாளும் மாப்பிள்ளையைக் கேட்டதில்லை. டெஸ்டிங் எழுந்து நின்றார், போனுக்கு மரியாதையாக.

“என்ன மாப்பிள்ளை, மெயிலே வரலையேன்னு நானாத் தளத்தத் திறந்து பாத்தேன். முதல் பக்கம் தாண்ட முடியல. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. வயசானவங்க படிப்பாங்கன்னு நெனப்பு வேணாமா?”

“இதோ பெருசாக்கிடறேன் மாமா,” என்றார் இவர். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

போனை வைத்ததும், மெயில் ஏன் போகவில்லை என்பதைத் தோண்டிக் கண்டுபிடித்தார். டிராஃப்ட்டுகளுக்குத் தேதி கிடையாது. தேதியில்லாததற்கெல்லாம் அந்த மென்பொருள் 1970 ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டதாம். கம்ப்யூட்டர்கள் காலத்தை எண்ணத் தொடங்குவது அந்த நாளிலிருந்துதானாம். மெயில் ஏற்பாடு புதியதை மட்டும்தான் அனுப்பும். இவை ஐம்பது வருஷப் பழசு என்று ஒதுக்கி, தளத்தின் கடைசிப் பக்கத்துக்கும் கீழே தள்ளியிருக்கிறது.

“நல்லவேளை, நீங்க மாத்துனது ரெண்டு விதமாக் கெட்டுப் போச்சு,” என்றாள் மனைவி.

பிறகு அவரை நகர்த்திவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த அந்த அறிக்கையைத் தானே திறந்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. ‘பிழையை வரவழைக்கும் முறை: ஒன்று, சம்பளம் என்று சொல்லவும். இரண்டு, சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லவும். மூன்று, அவர் பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டவும். தீர்வு: இதுவரை இல்லை.’

மூன்றாவதைப் படித்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள். “இது மட்டும் நிஜம்,” என்று சொல்லி அழித்தாள். நிச்சயமாகவா என்று பெட்டி கேட்டதற்கு, ஆமாம் என்பதை இரண்டு தடவை அழுத்தினாள்.

அதற்குள் மறுபடி போன். மாப்பிள்ளை எழுத்தைக் கூட்டக் கூட்ட, மாமனார் அந்தப் பக்கம் “இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு சுத்து... வரியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது பாருங்க,” என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வரியில் மூன்று சொல் நிற்கிற அளவுக்கு எழுத்து வீங்கியும் இருவருக்கும் போனை வைக்க மனமில்லை. அவள் காலையிலிருந்து பின்னாமல் கிடந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, அவர்களை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.