பேஸ் கிடாருக்குக் கெட்டியான ஒரு பை

1

இந்தக் கதை ஒரு ஜிப் சத்தத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழைக்காக ஓர் இசைக்கருவிக் கடையில் ஒதுங்கியிருந்தேன். தொங்கும் கிடார்களுக்குப் பின்னால் யாரோ ஒரு ஜிப்பை இழுத்தார்கள், அது வரவில்லை, மறுபடியும் இழுத்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், கதை போயிருக்கும்.

முதல் வரியாக இதை எழுதினேன்: அவள் கடைக்குள் நுழைந்தபோது வெளியே பனி

[விட்டுவிட்டேன். நான் பனியைப் பார்த்ததே கிடையாது. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துத் தள்ளினால் இப்படித்தான்.]

அடுத்தது: ஒரு பையைத் தேர்ந்தெடுப்பது என்பது வாழ்க்கையையே

[இதையும்.]

மூன்றாவது வரி நிற்கிறது: அக்காவும் தம்பியும் பை வாங்க வந்தார்கள்.

2

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். தம்பி பேருந்து ஓட்டுகிறான், காலை ஷிப்ட். இருவரும் இருப்பது ஒரே வீட்டில், படுக்கையில் கிடக்கும் அப்பாவோடு. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் அக்கா பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு குழுவின் ஒத்திகைக்குப் போவாள். அந்த மூன்று மாலையும் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவதும், புரட்டிப் படுக்கவைப்பதும், உடம்பு துடைப்பதும் தம்பி வேலை. இரண்டு வருடமாக ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போது பழைய பை அடியில் கிழிந்துவிட்டதால், புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவனே இழுத்துவந்திருக்கிறான்.

(பேஸ் கிடார் தெரியாதவர்களுக்கு: நாலே கம்பி, சாதாரணக் கிடாரைவிட நீளம், கனம். பாட்டில் அது இருப்பது பலருக்குத் தெரியாது. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றும்.)

3

"ஆறு கம்பிக் கிடாருக்கே சின்னப் பைதான் இருக்கு. நாலு கம்பிக்கு ஆள் உசரத்துக்கா?" என்றான் தம்பி.

"பஸ் ஓட்டுறவன் பஸ்ஸப் பத்திப் பேசுடா."

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "முதல்ல பழைய பையக் குடும்மா."

"அது குப்பைக்குப் போறதுங்க."

"அதான் வேணும். எங்க தேயுதுன்னு பாக்காம புதுசு குடுத்தா, ஆறே மாசத்துல வந்து என்னைத்தான் திட்டுவீங்க."

அவர் கிடாரோடு பையை மேசையில் கிடத்தி, துணி வியாபாரிபோல விரலால் தடவினார். அடியில் ஓட்டை: கிடாரின் அடியில் வார் மாட்டும் குமிழ் குத்திக் குத்தித் துளைத்தது. "பஸ்ல தரையில நிக்கவெச்சுதான் போறே." அக்கா தலையாட்டினாள். "வாரம் மூணு நாள் வாசிக்கப் போறேங்க." ஒரு பட்டியில் மட்டும் தையல் விட்டிருந்தது. "இடது தோள்லயே மாட்டுறே."

"எங்கக்கா எக்ஸ்ரே எடுக்குது. நீங்க மெஷினே இல்லாம எடுக்குறீங்களே!" என்றான் தம்பி.

கடைக்காரம்மா ஒரு புதுப் பையை இறக்கினார். "உனக்கு அடியில ரப்பர் வெச்சது வேணும். கனமான பஞ்சு, கிடார் கழுத்துக்குத் தனியாத் தாங்கல். சரி, கிடார எடுத்து இதுல வெச்சுப் பாப்போம்." பழைய பையின் ஜிப்பை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பச்சையா பூத்து ஒட்டிக்கிச்சு? மாசக்கணக்கா திறக்காம இருந்தாத்தான் இப்படி ஆகும். வாரம் மூணு நாள் வாசிக்கிறேன்னியே?"

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

4

சத்தியமாக எனக்கும் அப்போதுதான் தெரியும். பஞ்சு எத்தனை தடிமன், ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாள் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் கொஞ்சம் புரிந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே குழு வேறு ஆளைப் பிடித்துவிட்டது. அவளுக்குத் தொலைபேசியில் இரண்டே வரி. வீட்டில் சொன்னால் ஒத்திகை இல்லை. ஒத்திகை இல்லையென்றால் அந்த மூன்று மாலையும் இல்லை. அதனால் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போனாள், தூக்கிக்கொண்டு வந்தாள்.

எங்கே போனாள்? நூலகத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன்; பொருந்தவில்லை. யாரையாவது காதலிக்கவைக்கலாமா என்று

[வேண்டாம். ஒரு பெண் மூன்று மாலை காணாமல் போனால் உடனே காதலா? வேறு யோசனையே வராதா எனக்கு?]

ஏதோ ஒரு பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறாள் என்று எழுதினேன். அதற்கும் அவள் ஆமென்று சொல்லவில்லை. அந்த நேரம் எதற்காக அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கை பரபரக்கிறது. அவளோ என்னிடம்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

5

முடிவு, ஒன்று: அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். [முன்பின் தெரியாத கடைக்காரம்மா எதிரிலா? செய்ய மாட்டாள்.]

முடிவு, இரண்டு: "வேற பைங்க இது" என்று பொய் சொல்கிறாள். [எழுதினேன். அவளுக்கு நாக்கு எழவில்லை.]

மூன்றாவதை நான் எழுதவில்லை. தம்பி தானாகப் பேசினான்.

"அது நாந்தாங்க. அப்பாவுக்கு ஏத்துற சலைன் தண்ணிய அது மேல கொட்டிட்டேன். உப்பு பட்டா பூக்கும்ல?"

(இரண்டாம் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சலைன் ஏற்றவில்லை.)

கடைக்காரம்மா அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு துண்டு மெழுகை ஜிப்பில் தேய்த்தார். கிடார் வெளியே வந்து, புதுப் பைக்குள் போனது. சரியான அளவு.

வாசலில் அக்கா பையை மாட்டிக்கொண்டாள். தம்பி அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"ம்."

"அஞ்சரை ஆயிருச்சு. நீ கிளம்பலையா?"

இது கோபமா, குத்தலா, இல்லை உண்மையாகவே போய்வா என்கிறானா? வரியை எழுதிய எனக்கே தெரியவில்லை. அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதும் தெரியவில்லை. அவன் குரலை மூன்று விதமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், மூன்றும் பொருந்துகின்றன.

அக்கா வாயைத் திறக்கிறாள்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அவன் வீட்டுக்குப் போய் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.