வீட்டு நம்பர்

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் பயிற்சி நிலையத்தின் ஆன்லைன் வகுப்புத் தளம் கொரோனா காலத்தில் அவசரத்துக்குக் கட்டியது. பாஸ்வேர்டு மறந்தால் மறந்ததுதான். வீடியோ நடுவில் நின்றால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். போன மாதம் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் சர்வர் கம்பெனிக்காரர்கள், இந்தப் பழைய மென்பொருளை இனி வைத்திருக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். புதியதற்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

உரிமையாளர் தமீம் அன்சாரி சார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கார்த்திகேசன், சைட்டு எப்படி வேணா இருக்கட்டும். பிள்ளைங்க மார்க் ஒண்ணுகூட போயிடக்கூடாது."

"ஒரு எழுத்துகூடப் போகாது சார்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

புதிய தளத்தில் ஒரு செல்போன் நம்பருக்கு ஒரு கணக்குதான். பழையதில் அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு நம்பர்களில் இரண்டு, மூன்று கணக்குகள். பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். பெயர்களைப் படிக்கவில்லை. ஒவ்வொரு நம்பரிலும் கடைசியாக உள்ளே வந்த கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கச் சொல்லி நாலு வரி புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். வீடு மாறுகிறவன் குப்பையைக் கழித்துவிட்டு மூட்டை கட்டுவதுபோல, எல்லாம் சுத்தமான பிறகுதான் பத்திரத்துக்கு ஒரு நகல், பேக்கப், எடுத்தேன். அது வியாழன் சாயங்காலம். வெள்ளிக்கிழமை புதிய தளம் பளபளவென்று திறந்தது. சார் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி பிரதீபா கேட்டாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ் சைட்டு சரியா வேலை செய்யுதா?"

"உனக்கு எதுக்கு அது? எல்லாரும் பாராட்டுறாங்க" என்றேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வியாழன் காலை சித்திக்கா வந்தாள். திருமலைராயன்பட்டினத்துப் பெண், எங்களிடம் மழலையர் ஆசிரியைப் பயிற்சி படிக்கிறவள். சனிக்கிழமை இறுதித் தேர்வு. பதினான்கு பாடத்துக்கும் மார்க் இருந்தால்தான் எழுதவிடுவோம். எழுதித் தேறினால் அவள் தெருவிலேயே ஒரு பள்ளியில் வேலை தயாராக இருந்தது.

"சார், நம்பரைப் போட்டா மெஹர் பானுன்னு வருது. அது எங்க மாமியார்."

"அவங்க எதுக்கு இதுல?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ் பாக்குறாங்க. நாத்தனார் நௌஷின், கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி படிக்குது. அது பேரும் காணோம், என் பேரும் காணோம்."

"மூணு பேருக்கும் ஒரே நம்பரா? ஆளுக்கொரு நம்பர் வாங்குனா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் அசரவில்லை. "ஆளுக்கொரு போன் இருக்கு சார். ஃபாரத்துல எழுதுறது வீட்டு நம்பர்தானே? கேஸ் சிலிண்டருக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாத்துக்கும் அதான். எந்த வீட்டுல பொம்பளைங்க தன் நம்பரை எழுதுறாங்க, சொல்லுங்க?"

பேக்கப்பில் தேடினேன். அழித்துவிட்டு எடுத்த பேக்கப்பில் அவள் எப்படி இருப்பாள்?

"ரெண்டு வருஷம் சார். புள்ளையத் தூங்க வெச்சிட்டு உக்காந்து படிச்சது" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள். அவமானமாக இருந்தது.

சர்வர்காரர்களைக் கூப்பிட்டேன். பழைய சர்வரின் நகலை ஒரு வாரம் வைத்திருப்பார்களாம். போன வியாழன் மதியம், நான் அழிப்பதற்கு முன்னால் எடுத்த நகல் இருக்கிறது, இன்று மூன்று மணிக்குத் தானாகப் போய்விடும், உரிமையாளர் எழுதிக் கேட்டால் தருகிறோம் என்றார்கள். அப்போது மணி பதினொன்றரை. தமீம் அன்சாரி சாரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டே, "பேரையாவது படிச்சிருக்கலாம்" என்றார்.

இரண்டேகாலுக்கு நகல் வந்தது. தளத்தில் செல்போன் நம்பரைத் தூக்கிவிட்டு, அவரவர் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே வரும்படி மாற்றினேன். நான்கு மணிக்கு சித்திக்கா திரையில் விரல் வைத்துப் பதினான்கு பாடத்து மார்க்கையும் எண்ணினாள்.

"நௌஷினும் வந்திருச்சா?" என்று கேட்டு, அதையும் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மிச்சம் இருந்தவர்களை ஒவ்வொரு பெயராகப் படித்துச் சேர்த்தேன். பாதி தாண்டியிருக்கும். ஒரு நம்பர் நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. என்னுடையது.

அதில் இரண்டு கணக்குகள். ஒன்று 'டெஸ்ட் 1', நான் சோதனைக்காக வைத்தது. தினமும் அதில்தான் நுழைவேன், அதனால் அது தப்பித்தது. நான் அழித்த இன்னொன்றில் பிரதீபா கார்த்திகேசன் என்று இருந்தது. மழலையர் ஆசிரியைப் பயிற்சி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதின்மூன்று பாடம் முடித்திருந்தாள்.

அவளுக்கு போன் செய்தேன்.

"உன் மார்க்கெல்லாம் இருக்கு. கடைசிப் பாடத்தை நாளைக்குள்ள முடிச்சா சனிக்கிழமை பரீட்சை எழுதலாம்."

"எல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேங்க" என்றாள். "நோட்டையெல்லாம் நேத்துதான் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டேன்."