டன்ஹெரிக் வீட்டு ரத்தம்

கிரிசல் தொட்டதும் அவளுடைய அம்மாவின் பிணத்துக்கு மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. ஃபைஃப் சீமையில் துக்கத்துக்கு வருகிற எல்லோரும் பிணத்தின் நெற்றியைத் தொட்டாக வேண்டும். கொன்றவர் தொட்டால் ரத்தம் வரும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேறு யார் தொட்டும் வராத ரத்தம், நீதிபதி டன்ஹெரிக் பிரபுவின் கடைசி மகள் தொட்டபோது, போதகரின் கண்ணெதிரே வந்தது.

கிரிசல் கையை இழுத்துக்கொண்டாள். போன குளிர்காலத்தில் பால் கறக்கும் எல்ஸ்பெத்தை அப்பா தூக்குக்கு அனுப்பியது இந்த ஒரே சாட்சியை வைத்துத்தான். ஆற்றில் மிதந்த புருஷனை எல்ஸ்பெத் தொட்டாள், ரத்தம் வந்தது, அத்தோடு அவள் கதை முடிந்தது. அவளுக்காக அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். தூக்கு நடந்த அன்று கணவரோடு பேச்சை விட்டவள், பிறகு சாப்பாட்டையும் விட்டாள். பிடிவாதக்காரி. செத்தும் அந்த வழக்கை விடவில்லை என்று கிரிசல் நினைத்துக்கொண்டாள்.

போதகர் மெதுவாகத்தான் கேட்டார். "ஐயா, அந்தப் பொண்ணுக்கு ஒரு சட்டம், உங்க பொண்ணுக்கு ஒரு சட்டமா?"

ரத்தம் சாட்சி இல்லை என்றால் எல்ஸ்பெத்தை அநியாயமாகக் கொன்றவர் பிரபு. சாட்சிதான் என்றால் மகளுக்குக் கயிறு. உள்ளே போய் நீதிமன்ற அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, பிணத்தின் தலைமாட்டில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இது நோய் ரத்தம். எல்ஸ்பெத் வழக்கு வேற."

"எப்படிப்பா வேற?" என்றாள் கிரிசல்.

"உனக்கு உசிரு வேணும்னா வாயை மூடு."

அவள் மூடினாள். அந்த வெட்கம் சாகும்வரை அவளை விடவில்லை.

மறுநாள் காலை பிரபு கையில் எடுத்த ஓட்ஸ் ரொட்டியிலிருந்து ரத்தம் கசிந்தது. பிறகு வெண்ணெயிலிருந்து, ஜெபப் புத்தகத்திலிருந்து, தூக்கிக் கொஞ்சிய பேரனின் கன்னத்திலிருந்து. மருமகன்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார், வழக்கம்போல ஆட்களைத் தூக்குக்கும் அனுப்பினார். கிரிசலைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அப்பாவின் கை சாப்பாட்டில் படாமல் கொம்புக் கரண்டியால் ஊட்டுவதே அவள் வேலையாகிப்போனது.

ஒரு வசந்தத்தில் புதிதாக வந்த வேலைக்காரி, பிரபுவின் கை பட்ட மேசை விரிப்பு சிவப்பதைப் பார்த்துக் கஞ்சிச் சட்டியை நழுவவிட்டாள். கிரிசல் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நோய் ரத்தம்தான். எப்பவோ தீர்ப்பாயிடுச்சு. துணி எடுத்துட்டு வா."

பிரபு வாயைத் திறந்தார். அவள் அடுத்த கரண்டியை ஊட்டினாள்.