முதல் மாலைக்கு இட்லிப்பூ

விடிந்தால் திருவிழா. சன்னாசியின் இட்லிப்பூச் செடியில் பெயருக்குக்கூட ஒரு கொத்து இல்லை. இலைகள் வேறு நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய, காமாலை கண்டவை போல் வெளுத்துக் கிடந்தன.

சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகி, ஆட்கள் குடியிருந்த லயங்களும் போய், மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே அம்மனுக்கு விழும் முதல் மாலை சன்னாசியின் வீட்டில் பூத்த இட்லிப்பூவில் கட்டியதாக இருக்க வேண்டும். அப்பா காலத்து மரியாதை அது. ஈப்போ நகருக்குக் குடிவந்தபோது தோட்டத்து வீட்டு இட்லிப்பூச் செடியின் பதியனைத்தான் அவர் முதலில் லாரியில் ஏற்றினார். சில வருஷம் நன்றாகப் பூத்தது. போன வருஷம் ஒப்புக்கு. இந்த வருஷம் அதுவும் இல்லை.

"கடையில வாங்கிக்கலாம் மாமா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் மருமகள் ஷர்மினி.

"அம்மனுக்குத் தெரியாதா?"

அவருக்குச் செடியைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீர் தப்பியதில்லை. முட்டை ஓட்டைக்கூட இடித்துப் போட்டார். இன்னும் என்னதான் வேண்டுமாம் இதற்கு?

அன்று சாயங்காலம் நல்லம்மாள் வந்தாள். இறந்துபோன தம்பி சீனியின் மனைவி, சுங்காயில் இருப்பவள். பக்கத்து ஊரான பத்து காஜாவில் ஆஸ்பத்திரிக்கு வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டுப் போக நினைத்தாளாம். செடியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயையோ! இதுக்கு யாரு மாமா சுண்ணாம்பு அடிச்சது?"

"நான்தான். தோட்டத்துல திருநாளுக்கு மரத்துக்கெல்லாம் அடிக்க மாட்டோமா? சாமிச் செடிலா, சும்மா விடலாமா?"

தண்டு, சுற்றிலும் பதித்த செங்கல், எல்லாம் வெள்ளைவெளேர். வருஷந்தோறும் மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணியையும் வேரிலேயே கவிழ்த்துவிடுவார்.

"நல்லா கவனிச்சீங்க போங்க! இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்ணு வேணும். ஈப்போ மண்ணே சுண்ணாம்புக் கல்லு. அதுமேல நீங்க வேற ஊத்துனா? முட்டை ஓடும் சுண்ணாம்புதான். நான் தேத்தண்ணிச் சக்கையும் மக்குன இலையுந்தான் போடுறேன். பூத்து முடிஞ்ச கையோட நுனியை வெட்டிவிடுவேன். அவ்வளவுதான்."

"உன் செடி பூத்திருக்கா?"

"இலையே தெரியல மாமா."

அவருக்கு எரிந்தது. அதுவும் இதே தாய்ச்செடியின் பதியன்தான். தம்பி கேட்டபோது இவரே கொடுத்தது.

"நான் கட்டி வைக்கிறேன். உங்க வீட்டுதுன்னே கொடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்லா" என்றாள் அவள்.

அவர் வெளுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

மறுநாள் கோயிலில் அவள் தந்த மாலை அவர் கையில் கனத்தது. அவர் செடி பூத்த காலத்தில்கூட இத்தனை நெருக்கமாக, இத்தனை சிவப்பாக ஒரு மாலை கட்டியதில்லை. அதை நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது. மாலையை வாங்குமுன் பூசாரி ஊரறியக் கேட்பது வழக்கம். கேட்டார்.

"முதல் மாலை யாரு வீட்டுது?"

சன்னாசி பெண்கள் பக்கம் பார்த்தார். நல்லம்மாள் சொன்னபடியே வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தக் குனிவுதான் அவரைச் சுட்டது. அப்பன் பெற்ற மரியாதையை இவள் இரக்கப்பட்டுப் போட்டு, இவர் வாங்கிக்கொள்வதா?

"சுங்காய் நல்லம்மா வீட்டுது" என்றார், கணீரென்று.

கூட்டம் சலசலத்தது. "என்ன மாமா நீங்க!" என்று ஷர்மினி பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள்.

"சும்மா இரும்மா. வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?"

மாலை அம்மன் கழுத்தில் ஏறியது. முதல் விபூதி, மாலை தந்த வீட்டாருக்கு. பூசாரி தட்டோடு அவரைக் கடந்து பெண்கள் பக்கம் போனார். நல்லம்மாள் தடுமாறி முந்தானையை இழுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

சன்னாசி விறைப்பாக நின்றார். தட்டு திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.