மிதிபட வேண்டிய குளம்

மாட்டுப்பொங்கலன்று காலை ஏழரை மணி டவுன்பஸ்ஸில் பூவாத்தாள் இரண்டு வாளிச் சாணியோடு ஏறினாள். வாளிகளின் வாயை யூரியாச் சாக்கால் இறுக்கிக் கட்டி, மேலே ஆவாரம்பூக் கொத்துகளைப் போட்டு மூடித்தான் கொண்டுவந்தாள். சாணியை மறைத்துவிடலாம், வாசத்தை எதைப் போட்டு மறைப்பது? பஸ் நாலு ஸ்டாப் தாண்டுவதற்குள் முன் சீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்கக்கா, பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்லீங்க. சாணிக்கு எடுக்கோணுமுங்க" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. பூவாத்தாளும் சிரித்துவைத்தாள். "நோம்பி நாளுமா இப்படிச் சொல்லலாமுங்களா? புள்ளையார் புடிக்கக் கொண்டுபோறனுங்க" என்றாள். சிரித்தாளே ஒழிய, நினைப்பெல்லாம் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய பசு செவலை காலையிலிருந்து தவிட்டுத் தண்ணீரில் வாயே வைக்கவில்லை.

சரவணம்பட்டியில் இருக்கும் பசுஞ்சோலை அப்பார்ட்மென்டில் பூவாத்தாள் தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுச்சுவரை ஒட்டிக் கொஞ்சம் குரோட்டன்ஸ், நாலு அரளி, அப்புறம் கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் வலது கைப் பக்கம் ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி. அந்தப் பாத்திதான் அவளுக்கு உயிர். சுதந்திர தினத்துக்குச் செண்டுமல்லியும் சம்பங்கியும் அருகம்புல்லும் வைத்து மூவர்ணம் போடுவாள். ஓணத்துக்கு சி பிளாக் மலையாளத்துப் பெண்கள் அதில்தான் அத்தப்பூக்களம் இடுவார்கள், ஓரம் கட்டிக் கொடுப்பது இவள். கார்த்திகைக்கு அகல். கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே ராகியை ஊறப்போட்டு முளைக்கவிட்டு, குடிலைச் சுற்றிப் பச்சைப்புல் மாதிரி நிறுத்திவிடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் லிஃப்ட்டுக்குப் போவார்கள். போட்டோவில் பூவாத்தாள் இருக்க மாட்டாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது.

போன வருடப் பொங்கலுக்குத்தான் வினை வந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கோபாலசாமி, "ஊர்ல பட்டிப்பொங்கலுக்குக் கட்டுவாங்களே தெப்பக்குளம், அத இந்தப் பாத்தியில கட்டிப்போடு பூவாத்தா" என்றார். கட்டினாள். சாணியால் சாண் உயரத்துக்கு நாலு கரை, நாலு மூலையிலும் கரும்பு, கரைமேல் பூளைப்பூவும் ஆவாரம்பூவும், நடுவில் மஞ்சள் தண்ணீர். பார்த்தவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று கோபாலசாமி சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டார்.

தெப்பக்குளத்தைத் தொடாமல் எப்படி? அதைக் கட்டுவதே மிதிக்கத்தான். பட்டியில் மாட்டுக்குப் பூசை முடிந்ததும் பொழுது இறங்குவதற்குள் ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிவந்து குளத்துக்குள் விடுவார்கள். அது மிரண்டு கரையை உடைத்து, மஞ்சள் தண்ணீரை நாலு பக்கமும் வாரியடித்துக்கொண்டு ஓடும். ஓடுகிறபோது கூட்டம் மொத்தமும் "பட்டி பெருக!" என்று கூவும். அப்போதுதான் பட்டி பெருகும். போன வருடம் பூவாத்தாள் கட்டிய குளத்தில் ஈ கூட இறங்கவில்லை. ஐந்து நாள் அப்படியே நின்று, வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்தது. ஆறாம் நாள் அவளே மண்வெட்டியால் அள்ளி உரக்குழியில் கொட்டினாள்.

அதற்கடுத்த வாரம் செவலை கன்று போட்டது. கிடேரி, பெண் கன்று. அம்மாவைப் போலவே நெற்றியில் சுட்டியோடு பிறந்தது. மூன்றாம் நாள் விடியலில் விறைத்துக் கிடந்தது. மாட்டு டாக்டர் சளி என்றார். புருஷன் ஐயாசாமியும் பனி அதிகம், என்ன செய்வது என்றான். மிதிபடாமல் நின்ற அந்தக் குளம்தான் பூவாத்தாள் கண்முன் நின்றது. கட்டியது யார் கை? தன் கைதானே? அதை அவள் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்கு இதெல்லாம் விளையாட்டில்லை. அவள் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் பட்டியில் சாணி அள்ளினவள். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். சொந்தக் கயிற்றில் சொந்த மாடு கட்டியது அந்தக் குடும்பத்தில் பூவாத்தாள்தான் முதல். செவலையைப் பிடித்துவந்த அன்று ராத்திரியெல்லாம் தூங்காமல் அது அசைபோடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் இப்போது செவலைக்கு மாதம் நிறைந்திருக்கிறது.

அப்படியிருக்க, இரண்டு வாரம் முன்னால் கோபாலசாமி வந்து, "இந்த வருசமும் தெப்பக்குளந்தான் பூவாத்தா. அப்பார்ட்மென்டுகளுக்குள்ள காம்படிசன் வெச்சிருக்கறாங்க. நோம்பிக்கு மறுநாள் பத்து மணிக்கு வந்து பாப்பாங்க. நம்மளுதுக்குத்தான் பரிசு, பாத்துக்கோ" என்றபோது அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளுக்குள் அதைத்தான் சொன்னாள். வாய் என்னவோ, "ஆகட்டுங்க சார்" என்றது. இந்தப் பாழாய்ப்போன 'ஆகட்டுங்க' இருக்கிறதே, அது நம் பக்கத்துக்காரர்களைப் பிடித்த பீடை. எதிரே நிற்பவர் முகம் கோணக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொள்வது.

மறுநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "சார், சாயங்காலம் ஒரு கண்ணுக்குட்டியக் கொண்டாந்து மிதிக்க வுட்டரலாங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கேட்டுக்குள்ள மாடா? நல்லாச் சொன்னே போ! மறுநாளு அவங்க வந்து என்னத்தப் பாப்பாங்க? பாத்துட்டுப் போனப்பொறவு நீ என்ன வேணாப் பண்ணிக்கோ."

"ஆகட்டுங்க சார்."

மறுநாள் மிதித்து என்ன பயன்? நோம்பி போனபின் அது வெறும் சாணி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் இறங்கிவிட்டால் பூவாத்தாளுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கி, வாளிகளை இறக்கி, கரை எடுக்க ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. இந்த முறை கரைக்குப் படி வைத்தாள். நாலு பக்கமும் மும்மூன்று படி, விரலால் இழுத்து இழுத்துத் தேய்த்தாள். வாய்க்கால் ஒன்று, அதற்கு மடை ஒன்று. ஓரத்தில் கிழங்கோடு இரண்டு மஞ்சள் செடிகளை நட்டாள். மூன்றாம் மாடி சண்முகப்ரியா, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், தலைகூட வாராமல் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, செம அழகா இருக்குதுங்க்கா. சின்ன மோட்டர் வெச்சு நடுவுல பவுண்டன் மாதிரி வுடலாமா?"

"வேண்டாங்க அம்மணி" என்றாள் பூவாத்தாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல இவ்வளவுதானா?

மத்தியானத்துக்குமேல் கோபாலசாமி கயிற்றோடு வந்தார். மனிதர் அறுபத்தைந்து வயதிலும் வெள்ளை வேட்டி கசங்காமல் நடப்பவர். கயிறு கட்டும்போது குளத்தைப் பார்த்து, படிகளை எண்ணிப் பார்த்து, "எங்க ஊட்டுல கூட இப்படிப் படி வெச்சதில்ல" என்றார். சத்தியமங்கலம் பக்கம் அவர்களுக்குத் தோட்டமும் இருபது உருப்படி மாடும் இருந்ததாக அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அப்படியானால் மிதிக்கிற விஷயம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே அல்லவா கயிறு கட்டுகிறார் என்று நினைத்தபோது, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. ஐயாசாமி.

"பூவா, செவலைக்கு வால் பக்கத்துல குழி வுழுந்துருச்சு. படுக்கறா, எந்திரிக்கறா. இன்னைக்கே போட்டுருவா போல. நீ சித்த வெரசா வா."

"டாக்டருக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன். நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டாராம். வேற ஆளப் பாக்கறேன். நீ வா மொதல்ல."

கை கழுவக் குழாயடிக்குப் போனவள் பாதியில் நின்றாள். மேற்கே பொழுது மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்புக்காரர்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு பாத்தியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். குளம் தளும்பத் தளும்ப நின்றது. இன்னும் அரை மணி நேரம். அதற்குமேல் போனால் போன வருடம் மாதிரியே ஆகிவிடும். கன்றுக்கு எங்கே போவது?

அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஏழு வயது இருக்கும். அம்மா வேலை பார்த்த தோட்டத்துப் பட்டியில் அந்த வருடம் கன்று இல்லை. தோட்டத்துக்காரர் வீட்டு அம்மா அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "உன்ற புள்ளைய எறங்கி மிதிக்கச் சொல்லு" என்றாள். பூவாத்தாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்துக்குள் குதித்தாள். எல்லாரும் கூவினார்கள். கையில் ஒரு அச்சு வெல்லம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பட்டியில் நாலு கன்று. அத்தனையும் கிடேரி.

அடுத்தவர் பட்டிக்கு மிதித்த கால், சொந்தப் பட்டிக்கு மிதிக்காதா?

பூவாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

"ஏ பூவாத்தா, என்ன பண்றே?"

கோபாலசாமியின் குரல் கேட்டதும் அவள் கால் தானாக நின்றது. ஆறு வருடப் பழக்கம். வாயில் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"சார், போன வருசம் நாங் கட்டுன கொளம் மிதிபடாம நின்னுச்சுங்க. என்ற கண்ணுக்குட்டி மூணே நாள்ல போயிருச்சுங்க. இன்னைக்கு செவலைக்கு வலி எடுத்துருச்சுங்க. டாக்டரு கூட ஊர்ல இல்லீங்க. நான் இத மிதிச்சுப்போட்டுத்தான் போவேனுங்க. நீங்க என்னைய நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னாலுஞ் சரீங்க."

குரல் கிறீச்சிட்டுவிட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால் அவள் இவ்வளவு பேசியதில்லை. சண்முகப்ரியா தூக்கிப் பிடித்திருந்த போனைக் கீழே இறக்கினாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாராங்க, பூவாத்தா" என்றார் கோபாலசாமி. அதட்டலாக வரவில்லை, கெஞ்சலாகத்தான் வந்தது. "நீ எத்தன அழகாப் பண்ணியிருக்கறே..."

"அழகுக்கா சார் இதக் கட்டுவாங்க? உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

பூவாத்தாள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து விரல் நோக இழுத்த படிகள் மூன்றும் ஒன்றாக நசுங்கின. தண்ணீர் சில்லென்று இருந்தது. கரை உடைந்து மஞ்சள் தண்ணீர் கயிற்றுக்கு வெளியே, நல்ல செருப்புகளை நோக்கி ஓடியது. கூட்டம் பின்னால் நகர்ந்தது.

யாரும் கூவவில்லை. கூவாமல் எப்படிப் பட்டி பெருகும்? அவளே, "பட்டி பெருக" என்றாள். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது. இன்னொரு முறை மிதித்து இன்னொரு முறை சொன்னாள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு வாய் கூடவா இல்லை?

"பட்டி பெருக!"

கோபாலசாமி. கழுத்து நரம்பு புடைக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினார். சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசும் குரலே இல்லை அது. பி பிளாக்கிலிருந்து யாரோ பால்கனிக்கு ஓடி வந்து பார்த்தார்கள். "பட்டி பெருக! பால்பானை பொங்க!" கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கத்தினார். சண்முகப்ரியா சேர்ந்துகொண்டாள். என்ன ஏது என்று தெரியாமலேயே மற்றவர்களும் கூவினார்கள். பூவாத்தாள் நாலு கரையையும் மிதித்து, மூலைக் கரும்பு சாயச் சாய மிதித்து, குளம் இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டு வெளியே வந்தாள்.

கோபாலசாமி வேட்டியில் தெறித்திருந்த சாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "செரி, நின்னுட்டு இருக்காத. ஊட்டுக்குப் போ. மாடு தேடும்" என்றார்.

அவள் காலைக் கழுவவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முழங்கால்வரை மஞ்சளும் சாணியுமாக வந்து நின்றவளுக்கு அவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். பஸ் வருகிற வழியில் ஒன்றையும் காணோம். இடுப்பில் போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்து எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னாச்சு? ஏனுங்க? என்னாச்சுங்க?"

ஐயாசாமி பேசவில்லை. போனை மாட்டின் பக்கத்தில் எங்கோ போட்டுவிட்டு இரண்டு கையாலும் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறான் போலிருந்தது. வைக்கோல் சரசரத்தது. அவன் மூச்சுப் பிடித்து முனகுவது தூரத்தில் கேட்டது. அப்புறம், காதுக்கு மிக அருகில், செவலையின் மூச்சு. பெரிதாக, விட்டு விட்டு. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் இவளுக்கு உயிர் போய் வந்தது.

"வாரேன் கண்ணு" என்றாள் பூவாத்தாள் போனுக்குள். "வாரேன், வாரேன். இதா வந்துட்டே இருக்கறேன்."

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. பஸ் இன்னும் வரவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாணி காய்ந்து இறுகும் கால்களோடு, அடுத்த மூச்சுக்காக நின்றாள்.