வயிற்றின் வளைவு

திரையில் இருந்த உருவத்துக்கு நீண்ட கழுத்து, ஒடுங்கிய தோள், அதற்குக் கீழே வயிறு. விஜயராணி மவுஸை நகர்த்தி அதைப் பக்கவாட்டில் திருப்பினாள். வளைகோடுகளின் மேல் துணி போர்த்தியதுபோல் விரித்திருந்த சர்ஃபேஸ், விலாவோடு சேரும் இடத்தில் மடிந்து நின்றது. வழவழப்பைச் சோதிக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை மேலே ஓடவிட்டாள். அந்த இடத்தில் பட்டைகள் முறிந்தன.

கர்ப்பிணிகள் போடும் டாப்புக்கான ஆர்டர் அது. தைத்ததை மாட்டிப் பார்க்கக் கம்பெனியில் இருந்த டம்மிகள் எல்லாமே ஒட்டிய வயிறு. கம்ப்யூட்டரில் புது உருவம் செய்து, அதன்படி ஃபோமில் வெட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி தங்கராஜ் சொல்லியிருந்தார். முதலில் செய்ததை, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பந்த ஒட்டி வெச்ச மாதிரி இருக்குதாமுங்க" என்றாள் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் இந்துமதி.

சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி இஞ்ச் டேப்போடு ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவளுக்கு ஆறாம் மாதம். தொளதொளத்த சுடிதாரும் விரித்துப் போட்ட ஷாலும் இதுவரை அதை மறைத்திருந்தன. கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். வயிறு பந்துபோல இல்லை. மார்புக்குக் கீழேயே தொடங்கி, மெல்ல இறங்கி, தொப்புளுக்குக் கீழேதான் திரண்டிருந்தது. முதுகு அதற்கு ஈடாக உள்ளே வளைந்திருந்தது. ஒவ்வொரு இடமாக டேப் வைத்து அளந்துகொண்டாள்.

திரும்பி வந்ததும் பழைய சர்ஃபேஸை அழித்துவிட்டுக் கோடுகளைப் புதிதாக வரைந்தாள். புள்ளி புள்ளியாக இழுத்து இறக்கினாள். சாயங்காலம் பட்டைகள் மார்பிலிருந்து இடுப்புவரை முறியாமல் ஓடின.

பையர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தங்கராஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அருமையா வந்திருக்குதுங்க. எதப் பாத்துப் பண்ணுனீங்க?"

அவள் ஷாலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இந்துமதியின் பார்வை ஷாலுக்குப் போனது.

மறுநாள் தங்கராஜ் கேபினுக்குக் கூப்பிட்டார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்கல்ல? சந்தோசமான விசயந்தானுங்க. ஆனா சீசன் நடுவுல நீங்க லீவு போட்டா நா யாரத் தேடறது? வேற ஆளுக்குச் சொல்லிட்டனுங்க. நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

"உக்காந்து பாக்குற வேலதான சார். எட்டு மாசம் வரைக்கும் வந்துருவேன்."

"ஒடம்புதானுங்க முக்கியம்."

அன்று ராத்திரி அவள் கணவன் அருண்பாண்டி சாயப்பட்டறையிலிருந்து வந்து, கையைக் கழுவாமலே கேட்டான். "சட்டப்படி லீவு தரணும்ல? நீ கேக்கலயா?"

"கேட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டும் தர மாட்டாரு. அது இல்லாம அடுத்த கம்பெனில எவன் சேப்பான்?"

சில நாள் கழித்து இந்துமதி போன் செய்தாள். சர்ட்டிபிகேட் தயாராக இருக்கிறது, உடனே வர முடியுமா என்று கேட்டாள்.

சாம்பிள் ரூமில் வெளிச்சமாக விளக்குகள் எரிந்தன. தங்கராஜ் லேப்டாப் முன் பையரோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். சர்ட்டிபிகேட் மேஜைமேல் இருந்தது. இன்னும் கையெழுத்து விழவில்லை. இந்துமதி இளம்பச்சை டாப் ஒன்றை நீட்டினாள்.

"டம்மி வெட்டறப்போ ஒடஞ்சிருச்சுங்க. பையர் வீடியோல காத்துட்டிருக்கறாரு. இதப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா, முடிஞ்சதும் சார் கையெழுத்துப் போட்டுருவாருங்க."

விஜயராணி மேஜையைப் பார்த்தாள். பிறகு டாப்பை வாங்கிக்கொண்டாள்.

கேமரா முன்னால் அவளை நிறுத்தினார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார்கள். திரும்பினாள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். இந்துமதி மண்டியிட்டு, வயிற்றுப் பக்கம் துணியைப் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

"துணி நகருதுங்க. கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"நான் அசையலக்கா."

இந்துமதியின் கை துணியின் மேல் அப்படியே நின்றது. அடியில், வயிற்றுக்குள், மறுபடியும் ஒரு துள்ளல்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?" என்றார் தங்கராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதோ ஆச்சுங்க சார்" என்றாள் இந்துமதி. அடுத்த குண்டூசியை எடுத்தாள்.